பெயர் போட்ட பாட்டு

ஒரு பாடகரின் முதல் இசைத்தட்டு ஓஹோவென்று ஓடிவிட்டால், "அவருக்கு லாட்டரி விழுந்துவிட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. லாட்டரிச் சீட்டு வாங்கியவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தூங்கலாம். பாடுகிறவன் தூங்க முடியுமா? அதிலும் இந்தக் கட்டுரையில் வரும் பாடகர்களுக்குத் தொழிலே ராத்திரி தூங்காமல் இருப்பதுதான்! அந்த வேடிக்கையைப் பின்னால் சொல்கிறேன்.

ஜப்பான் தேசத்தில் ஒரு சம்பிரதாயம் உண்டு. புதிதாகப் பாட வருகிறவருக்கு ஒரே ஒரு பாட்டைத் தனித் தட்டாகப் போட்டு வெளியிடுவார்கள். அந்தத் தட்டுக் கடைக்கு வந்த தினம்தான் பாடகருக்குக் கலைப் பிறந்த நாள். உறையில் அவர் படம் இருக்கும், பெயர் இருக்கும், பாட்டு எழுதியவர், மெட்டமைத்தவர் பெயர்களும் இருக்கும். ஒற்றைப் பாட்டுக்கு அங்கே என்ன மதிப்பு என்று அறிய வேண்டுமானால் க்யூ ஸகாமோட்டோவை நினைத்துப் பார்க்கலாம். 1961-ல் ஜப்பானிய மொழியிலேயே அவர் பாடிய ஒரு சோகப் பாட்டு, 1963 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் 'பில்போர்ட்' பட்டியலில் முதலிடத்துக்கு வந்து மூன்று வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அமெரிக்கர்கள் வாயில் நுழையட்டும் என்று அதற்கு 'ஸுகியாகி' என்று பெயர் வைத்தார்கள். ஸுகியாகி என்பது ஒரு ஜப்பானிய இறைச்சிக் குழம்பு! பாட்டுக்கும் குழம்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் பாடியவர் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

நம் ஊரிலும் ஒரு காலத்தில் தனித் தட்டு இருந்தது. எம். எஸ். சுப்புலக்ஷ்மி 1926-ல் தம் பத்தாவது வயதில் முதல் இசைத்தட்டுக் கொடுத்தார் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். பிறகு சினிமா பேச ஆரம்பித்தது. பேசியதோடு நில்லாமல் பாடவும் ஆரம்பித்தது. அதிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு குரல் ஊரெல்லாம் கேட்க வேண்டுமென்றால் அது சினிமாக் கொட்டகையின் வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று ஆகிவிட்டது. ஜப்பானியருக்கு முதல் தட்டு எப்படியோ, நமக்கு முதல் சினிமாப் பாட்டு அப்படி.

அந்த வாசலுக்கு வெளியே எத்தனையோ வருஷம் காத்து நின்ற ஒரு ஸங்கீதத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அதற்கு நீங்கள் என்னோடு வியாசர்பாடிக்கு வர வேண்டும்.

சென்னையில் பேஸின் பிரிட்ஜைத் தாண்டி ரயில் போகும்போது 'வியாசர்பாடி ஜீவா' என்று ஒரு ஸ்டேஷன் வரும். பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தத்தின் பெயர்தான் அந்த ஜீவா. மகாபாரதம் செய்த வியாசர் வந்து பூஜித்த தலம் என்று இவ்வூருக்கு ஐதிகம் உண்டு. ரவீசுவரர் கோயில் இருக்கிறது. ஆனால் பேட்டையை வளர்த்தது புராணமல்ல, ஆலைச் சங்கு. ஒரு பக்கம் ரயில்வே, ஒரு பக்கம் துறைமுகம், எதிரே பெரம்பூரில் பி. அண்டு ஸி. மில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்து 1996-ல் மூடப்பட்டது அந்த மில். மூட்டை தூக்கவும் தறி ஓட்டவும் நாலா பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வந்த ஜனங்கள் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கன்னிகாபுரம், ராயபுரம் என்று குடியேறினார்கள். ஊரில் ஏர் ஓட்டும்போது பாடிய வாய் பட்டணத்துக்கு வந்தால் மூடிக்கொள்ளுமா? அங்கே கலந்ததுதான் கானா.

'கானா' என்ற சொல் ஹிந்துஸ்தானியில் பாட்டைக் குறிப்பது. சொல் வடக்கேயிருந்து வந்தது. சரக்கு உள்ளூர்ச் சரக்கு. சித்தர் பாட்டின் வாடை அதில் அடிக்கும். தண்டையார்பேட்டையில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபின் வாடையும் அடிக்கும். சினிமா மெட்டும் தாராளமாக வரும். பக்க வாத்தியம் என்ன தெரியுமா? சட்டி. சமையல் சட்டி என்று நினைத்துவிடாதீர்கள். சட்டி வடிவத்தில் தோல் கட்டிய கொட்டு வாத்தியம். அப்புறம் கட்டமோளம், டோலக். இவை ஒன்றும் அகப்படாவிட்டால் கேரம் பலகை இருக்கிறது, தீப்பெட்டி இருக்கிறது, சொந்தத் தொடை இருக்கிறது!

கல்யாணத்துக்கும் கானா உண்டு, சாமிக்கும் உண்டு, காதலுக்குக் கேட்கவே வேண்டாம். இருந்தாலும் கானாவின் தாய்வீடு சாவு வீடு. மரண கானா என்பார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் விடியும் வரை பிணத்துக்குப் பக்கத்தில் விழித்திருக்க வேண்டுமல்லவா? உறவுக்காரர்கள் அழுது ஓய்ந்து போவார்கள். அப்போது பாட்டுக்காரர் வந்து உட்காருவார். இறந்தவர் என்ன தொழில் செய்தார், எத்தனை பிள்ளைகள், யாரிடம் பிரியம், எதில் கோபம் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார். இரவு ஏற ஏற, அந்த ஒரு மனிதனுடைய வாழ்க்கையை அங்கேயே பாட்டாகக் கட்டிப் பாடுவார். நடு நடுவே வேடிக்கையும் வரும், அழுதவர்கள் சிரித்துவிடுவார்கள், சிரித்த கையோடு மறுபடி அழுவார்கள். பொழுது விடிந்ததும் பாட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். பாட்டும் போய்விடும். பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடி கூப்பிட்டால், அன்றைக்கு வேறு பாட்டு!

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பாட்டுக்குள் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். அது செத்துப்போனவர் பெயர். பாட்டைக் கட்டியவர் பெயர் எங்கும் இராது. எழுதியவரும் அவரே, மெட்டமைத்தவரும் அவரே, பாடியவரும் அவரே. மூன்று பேர் வேலையை ஒருவர் செய்தும் ஒரு பெயர் கூட மிஞ்சவில்லை. இப்படிப்பட்ட பாட்டைச் சினிமாவுக்குக் கொண்டு போவது யாருக்குச் சுலபம்? கேட்டுவிட்டு எழுந்து போகிறவருக்குத்தான்.

சினிமாக்காரர்கள் கேட்டார்கள். மெட்ராஸ் பாஷை வெகு நாளாகவே திரையில் சிரிப்புக்குப் பயன்பட்டு வந்தது. 1968-ல் 'பொம்மலாட்டம்' படத்தில் மனோரமா அந்தப் பாஷையில் பாடிய பாட்டை இன்றைக்கும் பாட்டிமார்கள் முணுமுணுப்பதைக் கேட்கலாம். 1990-களில் இசையமைப்பாளர் தேவா கானா மெட்டுகளை வரிசையாகத் திரையில் ஒலிக்க வைத்தார். 1996-ல் வந்த 'காதல் கோட்டை'யில் அவரே பாடிய பாட்டு, கல்லூரி விடுதிகளில் கூரையைப் பிய்த்தது. தேவா இந்த ஸங்கீதத்துக்குச் செய்த உபகாரம் பெரிது. அவர் இல்லாவிட்டால் தென் ஜில்லாக்காரர்களுக்குக் கானா என்ற சொல்லே காதில் விழுந்திருக்காது. ஆனாலும் பேட்டையில் ராத்திரியெல்லாம் பாடிக்கொண்டிருந்தவர்கள் ராத்திரியெல்லாம் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கானாக்காரர்கள் சினிமா மெட்டை எடுத்துத் தங்கள் சொல்லைப் போட்டுப் பாடுவது சகஜம். சினிமா அவர்களிடம் கடன் வாங்கியது போலவே அவர்களும் சினிமாவிடம் வாங்கியிருக்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், ஒரு பக்கத்துக் கடனுக்குச் சம்பளம் உண்டு, கம்பெனி உண்டு, ரிக்கார்டு உண்டு. மறு பக்கத்தில் டீக்கடை பெஞ்சு மட்டும்தான்.

2006-ல் கதவு லேசாகத் திறந்தது. மிஷ்கின் இயக்கிய முதல் படம் 'சித்திரம் பேசுதடி'. அதில் கானா உலகநாதன் வந்து மீன்களுக்குள் நடக்கும் ஒரு கல்யாணத்தைப் பாடினார். மாப்பிள்ளை ஒரு மீன், பெண் ஒரு மீன், பந்தலில் வந்து நிற்கும் உறவெல்லாம் மீன்! படம் பார்க்காதவர்களும் பாட்டைப் பாடினார்கள். குரல் மட்டுமல்ல, ஆளும் திரையில் தெரிந்தார். "கானா" என்ற பட்டத்தோடு அவர் பெயரும் ஊருக்குத் தெரிந்தது.

இனி நம் கதாநாயகருக்கு வருவோம். கன்னிகாபுரத்துக்காரர், பெயர் பாலா, கானா பாலா என்றால்தான் தெரியும். சட்டம் படித்த வக்கீல். கருப்புக் கோட்டு ஒரு பக்கம், கானா ஒரு பக்கம். மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்றும் பார்த்தார், வெற்றி கிட்டவில்லை. 2007-ல் 'பிறகு' என்ற படத்தில் பாடச் சந்தர்ப்பம் கிடைத்தது. படத்தின் பெயரைப் போலவே பலனும் "பிறகு" என்று தள்ளிப் போயிற்று! ஒருவர் முதல் தடவை பாடியது எடுபடாவிட்டால் அவரை யார் தேடி வரப் போகிறார்கள்? ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

2012-ல் ஒரு சின்னப் படம் வந்தது. 'அட்டகத்தி'. இயக்கிய பா. ரஞ்சித்துக்கு அதுதான் முதல் படம். இசையமைத்த சந்தோஷ் நாராயணனுக்கும் அதுதான் முதல் படம். பெரிய நட்சத்திரம் யாரும் கிடையாது. பஸ்ஸில் போகிற பெண்களையெல்லாம் காதலித்துத் தோற்கிற ஒரு பையனின் கதை. இதில் கானா பாலா 'ஆடி போனா ஆவணி' என்றும், 'நடுக்கடலுல கப்பல' என்றும் இரண்டு பாட்டுகள் பாடினார்.

முதல் பாட்டின் பெயர் நம் வீடுகளில் கல்யாணப் பேச்சு நடக்கும்போது பெரியவர்கள் சொல்கிற சொல்தானே? ஆடியில் சுபகாரியம் வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்பார்கள். படம் வெளிவந்தது ஆகஸ்ட் 15. ஆடி முடிய ஒன்றிரண்டு நாள்தான் பாக்கி! இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா, தற்செயலா என்று எனக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. பாலாவுக்கு ஆவணி பிறந்துவிட்டது என்பதே விஷயம்.

ஷேர் ஆட்டோவிலும் கல்லூரி வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் அந்தப் பாட்டுகளே ஒலித்தன. என்ன இருந்தது அவற்றில்? குரலை எடுத்துக்கொள்ளுங்கள். கமகம் கிடையாது, குழைவு கிடையாது; ஆனால் ஒரு சொல் கூடக் காதில் தவறாது. எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பனிடம் பேசுகிற மாதிரி இருக்கும். காதலில் தோற்றவனைக் கேலி செய்கிறதா, ஆறுதல் சொல்கிறதா என்று தீர்மானிக்க முடியாது. சாவு வீட்டில் அழுபவரைச் சிரிக்க வைத்துப் பழகிய கலை அல்லவா? அந்தப் பழக்கம்தான் காதல் தோல்விக்கும் கை கொடுத்தது. சந்தோஷ் நாராயணனையும் பாராட்ட வேண்டும். குரலை வாத்தியங்களுக்கு அடியில் போட்டுப் புதைக்காமல், பேட்டைக் குரல் பேட்டைக் குரலாகவே ஒலிக்கும்படி விட்டார். மெருகு கொடுக்கிறேன் என்று பாலிஷ் போட்டிருந்தால் பாட்டும் போயிருக்கும், பாலாவும் போயிருப்பார்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சமாசாரம், பாடியவர் பெயருக்கு நேரே மட்டுமல்ல, எழுதியவர் பெயருக்கு நேரேயும் 'கானா பாலா' என்று போட்டதுதான். உறையில் ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரிக்காகக் கன்னிகாபுரமும் வியாசர்பாடியும் எத்தனை தலைமுறை காத்திருந்தன என்று எண்ணிப் பாருங்கள்.

அதே 2012-ல் டில்லியில் இன்னொரு காரியமும் நடந்தது. பதிப்புரிமைச் சட்டத்தைப் பார்லிமெண்டு திருத்தியது; ஜூன் 21 முதல் திருத்தம் அமலுக்கு வந்தது. ஹிந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் ராஜ்ய சபையில் இதற்காக வாதாடியவர். சினிமாவுக்குப் பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் முன்பணம் வாங்கிக்கொண்டு சகல உரிமையையும் எழுதிக் கொடுத்துவிடுவது அதுவரை வழக்கம். கொட்டகையில் படம் ஓடுவது தவிர, ரேடியோ முதலிய மற்ற வழிகளில் பாட்டு சம்பாதிக்கும் பணத்தில் அவர்களுக்குள்ள பங்கை இனி யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்றது புதுச் சட்டம். பெயர் இருந்தால்தானே பங்கு? பெயர் இல்லாத பாட்டுக்குச் சட்டம் என்ன செய்யும்? சாவு வீட்டில் ராத்திரி கட்டி விடியலில் விட்டுவிட்டுப் போன பாட்டை யாராவது தூக்கிக்கொண்டு போனால், "இது என்னுடையது" என்று சொல்ல எந்த ரிஜிஸ்தரில் எழுதி வைத்திருக்கிறது? இதை வக்கீலான பாலாவுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அழைப்பு மேல் அழைப்பு. 2013-ல் 'சூது கவ்வும்' படத்தில் பணத்தைப் பற்றிய ஒரு பாட்டு. மறுபடியும் சந்தோஷ் நாராயணன். குழந்தைகள்கூட ரூபாய் நோட்டை ஆட்டிக்கொண்டு பாடின! ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது 2014-ல் வந்த 'மெட்ராஸ்'. ரஞ்சித்தின் இரண்டாவது படம். களம், நம் வியாசர்பாடிதான். ஹவுஸிங் போர்டு குடியிருப்பு, ஒரு சுவர், சுவரில் ஒரு தலைவர் படம், அந்தச் சுவர் யாருக்கு என்ற சண்டை. அதில் காளியின் நண்பன் அன்பு வெட்டுப்பட்டுச் சாகிறான். அவனுக்காகக் கானா பாலா பாடுகிறார். கேலி இல்லை, கும்மாளம் இல்லை; மரண கானா. இத்தனை வருஷம் வேடிக்கைக்கும் குத்தாட்டத்துக்கும் மட்டும் கானாவை எடுத்துக்கொண்ட திரை, அது பிறந்த துக்க வீட்டுக்கு அன்றைக்குத்தான் அதைத் திருப்பி அழைத்துக்கொண்டு போயிற்று. கொட்டகையில் விஸில் அடிக்கத் தயாராக இருந்த பிள்ளைகள் அந்த இடத்தில் அடங்கிப் போனதில் ஆச்சரியம் இல்லை.

எல்லாக் கானாவும் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. யூடியூபில் தேடிப் பாருங்கள். பெண்களை இழிவாகப் பேசுவதும், கத்தியைத் தூக்கிக் காட்டி ஜம்பம் அடிப்பதும் கானா என்ற பெயரில் கிடைக்கும். அவற்றை வீட்டில் பெண் குழந்தைகள் இருக்கும்போது போட முடியாது; இல்லாதபோதும் போட வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். இந்தப் பாட்டு நெடுங்காலம் ஆண் பிள்ளைகளின் கூட்டத்திலேயே வளர்ந்துவிட்டது. சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கப் பெண்கள் வேண்டும். ராத்திரிக் கானாவுக்கு ஆண்கள். இது எழுதாத சட்டம்.

அந்தச் சட்டத்தை மீறியவர் ராயபுரத்துப் பெண். பெயர் இசைவாணி. பெற்றவர்கள் தீர்க்கதரிசிகள்தான்! சின்ன வயதிலிருந்தே மெல்லிசை மேடைகளில் பாடிப் பழகியவர். 2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு முதல் கச்சேரி செய்தது. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொன்ன 'சாதியில்லாத் தமிழர்' என்பதுதான் குழுப் பெயரின் மூலம். சட்டியும் கட்டமோளமும் பறையும் ஒரு பக்கம், கிதாரும் டிரம்ஸும் ஒரு பக்கம். மேடையில் பத்தொன்பது பேர். அதில் பெண் ஒருவர்தான். அவர்தான் இசைவாணி.

அந்த மேடையில் சினிமா கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? கதாநாயகன் உதட்டை அசைக்கவில்லை, கதைக்காகப் பாடவில்லை. வட சென்னையைப் பற்றியும், சாதியைப் பற்றியும், சாப்பாட்டைப் பற்றியும் அவர்களே எழுதி, அவர்களே மெட்டமைத்து, அவர்களே பாடினார்கள். ஜப்பானியரின் தனித் தட்டுக்கு நம்மிடையே நிகர் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 2020 நவம்பரில் லண்டன் பி.பி.ஸி. உலகெங்கும் இருந்து தேர்ந்தெடுத்த 100 பெண்கள் பட்டியலில் இசைவாணியின் பெயர் இருந்தது. ராயபுரத்துக் கானாவுக்கு லண்டனில் பெயர்! அதற்கடுத்த மாதம் சென்னையில் 'மார்கழியில் மக்களிசை' என்று ஒரு விழா தொடங்கினார்கள். மார்கழி என்றால் சபா, சபா என்றால் கர்நாடக ஸங்கீதம், இடைவேளையில் கான்டீன் என்று இருந்த பட்டணத்தில், அதே மாதத்தில், கானாவுக்கும் பறைக்கும் ஒப்பாரிக்கும் மேடை போட்டார்கள்.

இன்றைக்கு வியாசர்பாடிப் பக்கத்துப் பையன்கள் சினிமாக் கம்பெனி வாசலில் நிற்பதில்லை. செல்போனில் பாடிப் பதிவு செய்து அன்று மாலையே ஊருக்குக் கேட்க வைத்துவிடுகிறார்கள். பாட்டின் தலைப்பில் தங்கள் பெயரையும், பெயருக்கு முன்னால் 'கானா' என்ற பட்டத்தையும் மறக்காமல் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் இன்றும் போகிறார்கள். விடிய விடியப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டில் மட்டும் பழைய வழக்கப்படி ஒரே பெயர்தான்: படுத்திருக்கிறவருடைய பெயர்.